பழைய ஜிப்ஸியின் கெட்டிக் கூரையை இருவரே கழற்றி மாட்டும்படி செய்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாருதி ஜிப்ஸி 1985 டிசம்பரில் விற்பனைக்கு வந்தபோது அதற்குத் துணிக்கூரை மட்டும்தான். மழைக்கும் தூசிக்கும் பயந்தவர்கள் உள்ளூர்ப் பட்டறைகளில் ஃபைபர் கூரை செய்து மாட்டிக்கொண்டார்கள். அது பரவலான பிறகே போல்ட் போட்டு இறுக்கும் கெட்டிக் கூரையை நிறுவனமும் கொடுக்கத் தொடங்கியது. எனவே ஜிப்ஸியின் பாடி கூரையே இல்லாமல் முழுமையானது. மேலே இருப்பது பின்னால் வந்து உட்கார்ந்த ஒன்று. அதைக் கழற்றுவதால் பாடியின் பலத்துக்குப் பெரிய குறை வராது என்ற தைரியம் எங்களுக்கு இங்கிருந்துதான் வந்தது.

இந்த ஆய்வில் வரும் வண்டி 970 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின் கொண்டது. 1993-இல் சக்கர இடைவெளியை அகலப்படுத்திய பிறகு வந்த வகை. துணிக்கூரையோடு வாங்கி, சில ஆண்டுகள் கழித்துக் கோவையில் ஒரு பட்டறையில் ஃபைபர் கூரை போட்டிருக்கிறார்கள். உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறார். அங்கே கனமழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஜனவரியில் வானம் தெளிந்தால் கோடை மழை வரும் வரை திறந்த வண்டியில் போவதைப் போல ஒரு சுகம் அந்த மலையில் வேறில்லை. சில்வர் ஓக் நாற்றும் ஏணியும் ஏற்றிச் செல்லவும் கூரை இல்லாமல் இருப்பதே வசதி.

முன்பெல்லாம் தோட்டத்து ஆட்கள் நால்வர் கூடி, ஆளுக்கொரு மூலை பிடித்துத் தூக்கி இறக்குவார்கள். திருப்பூருக்கும் கோவைக்கும் ஆட்கள் வேலைக்குப் போய்விட, அந்த நால்வரைச் சேர்ப்பது கஷ்டமாயிற்று. கடைசிச் சில ஆண்டுகளாகக் கூரை இறங்கவே இல்லை. வார இறுதியில் வீட்டுக்கு வரும் அவருடைய மகள்தான் இதை எடுத்துக்கொண்டார். ஜிக், ஃபிக்சர் (வேலைப் பொருளைச் சரியான இடத்தில் நிறுத்திப் பிடிக்கும் கருவிகள்) வடிவமைப்பு என் தொழில் என்பதால் என்னிடம் வந்தார். அவர் கேட்டது ஒன்றே. "அப்பாவும் நானும் மட்டும் இருந்தா போதும், இன்னொருத்தரைக் கூப்பிடாம கழட்டி மாட்டணும்."

வண்டியில் கண்டது

முதல் முறை எந்த மாற்றமும் செய்யாமல், கூரையைக் கழற்றிப் பார்ப்பது மட்டும் என்று வைத்துக்கொண்டோம். சுற்றிலும் 18 போல்ட், எல்லாமே எம்8. பாதிக்கு மேல் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. சிலவற்றில் பாடி விளிம்புக்கு அடியில் வெல்டு செய்திருந்த நட்டு விட்டுப்போய், போல்ட்டோடு சேர்ந்து சுற்றியது. அவற்றை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. கூரைக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பரும் இருந்தது, ரப்பர் ஒழுகிய காலத்தில் யாரோ பிழிந்துவிட்ட சிலிக்கானும் இருந்தது. சிலிக்கானைச் சுரண்டிய இடங்களில் விளிம்புத் தகடு பழுப்பாக உப்பியிருந்தது. வெளியே போக வழியில்லாத ஈரம் அங்கேயே தங்கித் தகட்டைத் தின்றிருக்கிறது.

என்னை நிறுத்தி வைத்தது ஃபைபர் விளிம்பில் இருந்த ஓட்டைகள். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மில்லிமீட்டர் வரை அகன்றிருந்தன. சில நீள்வட்டமாகவே ஆகிவிட்டன. பின்மூலைகளில் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல், அதன்மேல் பட்டி, பட்டியின்மேல் மறுபடி விரிசல். உரிமையாளர் காரணத்தைச் சொன்னார். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஏதோ இரண்டு மூன்று ஓட்டை நேராக வராது. கூரையைத் தூக்கிப் பிடித்தபடி ஆட்கள் நிற்க, ஒருவர் டிரில் எடுத்து அந்த ஓட்டையை அகலப்படுத்துவார். அடுத்த முறை வேறு ஓட்டைகள் சேராது.

தேயிலை எடை போடும் தொங்கு தராசில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியே தூக்கிப் பார்த்ததில் கூட்டுத்தொகை 58 கிலோ வந்தது. மேல்நோக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவு பின்னால் இருப்பதால் பாரம் பின்பக்கம் சாய்ந்திருந்தது. உள்விளக்குக்கான வயர் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் தொங்கியது.

இன்னொன்றையும் அன்றே குறித்துக்கொண்டோம், ஆனால் அதன் முழுப் பொருள் பிறகுதான் தெரிந்தது. ஜிப்ஸியின் முன்கண்ணாடிச் சட்டம் அடியில் கீல் வைத்து, பானட்டின்மேல் மடிக்கக்கூடியது. கூரை இருக்கும்போது சட்டத்தின் மேல்விளிம்பைக் கூரை பிடித்துவைக்கிறது. கூரை போனதும் சட்டம் சிறிது ஆடும்.

பிரச்சினை எது

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் பல ஜிப்ஸிகளைப் பார்த்தவர். "தூக்கறது ஒரு வேலையே இல்லைங்க. ஷெட்டுல ஒரு செயின் பிளாக் போட்டா முடிஞ்சுது. திருப்பி வெக்கறப்ப அதே இடத்துல உக்காரணுமே, அதுதானுங்க பாடு" என்றார். செயின் பிளாக் என்பது கையால் சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கருவி. நான் ஓட்டைகளில் பார்த்ததையே அவர் அனுபவத்தில் பார்த்திருக்கிறார்.

ஃபிக்சர் வேலையில் முதலில் கற்றுத்தருவது, ஒரு பொருளை இடத்தில் நிறுத்துவதும் அங்கே அழுத்திப் பிடிப்பதும் இரண்டு தனி வேலைகள் என்பது. இந்த வண்டியில் இரண்டையும் அதே 18 போல்ட்டுகளின் தலையில் கட்டியிருந்தார்கள். எந்தப் போல்ட் முதலில் போகிறதோ அது கூரையின் இடத்தைத் தீர்மானித்துவிடும், மற்றவை அதோடு சண்டை போடும். கழற்றுவதை எத்தனை சுலபமாக்கினாலும், இதைத் தீர்க்காவிட்டால் ஒவ்வொரு கழற்றலும் கூரையைச் சிதைத்துக்கொண்டே போகும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கூரையை நடுவில் வெட்டி இரண்டாக்கினால் பாரம் பாதியாகும், இருவர் கையாலேயே தூக்கலாம் என்று உரிமையாளர் முதலில் நினைத்தார். வேண்டாம் என்றோம். ஓர் ஒற்றைத் துண்டு ஃபைபருக்கு அதன் வளைவுதான் பலம். வெட்டினால் இரு விளிம்புக்கும் தனியே பலம் சேர்க்க வேண்டும், தலைக்கு நேர் மேலே புதிதாக ஒரு கசிவுக் கோடும் பிறக்கும்.

சுற்றிலும் கொக்கிபோல் மடக்கி இறுக்கும் லாட்ச் வைக்கலாம் என்பது மகளின் யோசனை. வேகமாகக் கழற்ற அது நல்ல வழி. ஆனால் ஏணி வடிவ அடிச்சட்டத்தின்மேல், நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங்கோடு ஓடும் வண்டியின் பாடி தோட்டத்துப் பாதையில் முறுக்கிக்கொள்ளும். லாட்ச் ஒரே திசையில்தான் இழுத்துப் பிடிக்கும், பக்கவாட்டு நகர்வைத் தடுக்காது. முன்கண்ணாடிச் சட்டத்தோடு கூரை சேரும் இடத்தில் மட்டும் இரண்டு லாட்ச், மற்ற இடங்களில் கையால் திருகும் குமிழ் போல்ட் என்று முடிவானது. ஸ்பேனர் இல்லாமல் திறக்கக்கூடியவை எல்லாமே உள்பக்கம் இருக்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம். கதவைப் பூட்டினால் கூரையும் பூட்டியதாக வேண்டும்.

குமிழில் இன்னொரு நன்மை உண்டு. கை பலத்தால் கொடுக்கக்கூடிய இறுக்கம் ஸ்பேனரால் கொடுப்பதைவிட மிகக் குறைவு. ஃபைபருக்கு அதுதான் நல்லது. விளிம்பு நசுங்கி விரிசல் விட்டதற்கு, ஒழுகுகிறது என்று போல்ட்டை மேலும் மேலும் இறுக்கியதும் ஒரு காரணம்.

சட்ட விதிகளையும் பார்த்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதிப்படுத்தியது. பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டி என்பதால் பதிவைப் புதுப்பிக்கும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் முன் நிற்க வேண்டும். எனவே பாடியில் ஓர் இடத்திலும் வெட்டு கிடையாது, புது ஓட்டை கிடையாது, இருந்த ஓட்டைகளுக்குள்ளேயே எல்லாம் அடங்க வேண்டும் என்று கோடு கிழித்துக்கொண்டோம். சான்றிதழில் பாடியின் வகை எப்படிப் பதிவாகியிருக்கிறது, கூரையோடும் இல்லாமலும் ஓட்டலாமா என்பதை வேலை தொடங்கும் முன்பே உரிமையாளர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். இதைச் செய்ய நினைக்கும் எவரும் முதலில் அங்கே போகட்டும்.

செய்த வேலை

துரு முதலில். விளிம்பைத் தகடு தெரியும்வரை தேய்த்து, அரித்த இடங்களில் தகடு வைத்து ஒட்டி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்தார் டிங்கர். கூரையின் அகன்ற ஓட்டைகளையும் விரிசல்களையும் ஃபைபர் வேலை தெரிந்த ஒருவர் பட்டியோடு சேர்த்துக் குடைந்தெடுத்து, உள்பக்கமிருந்து கண்ணாடி நார்ப் பாயும் ரெசினும் அடுக்கடுக்காக வைத்து மூடினார். ஓட்டை போடுவதை அதன்பிறகு வெற்று விளிம்பில் புதிதாகத் தொடங்கினோம்.

பின்மூலைகள் இரண்டிலும் பாடியின் பழைய போல்ட் ஓட்டையில், லேத்தில் கடைந்த கூம்புமுனை ஊசிகளைத் திருகி நிறுத்தினோம். கூரையில் அவற்றுக்கு நேராக எஃகு புஷ்களை (ஊசி நுழையும் குழல்களை) எபாக்சிப் பசையால் பதித்தோம். இடதுபக்கப் புஷ் வட்டமானது, கூரையின் இடத்தை அது நிறுத்தும். வலதுபக்கம் இருப்பது குறுக்குவாட்டில் நீண்ட பிளவு, கூரை திரும்பிவிடாமல் மட்டும் அது பார்த்துக்கொள்ளும். இரண்டையும் வட்டமாக வைத்தால் அரை மில்லிமீட்டர் வேறுபாடு வந்தாலும் இரண்டில் ஒன்று உட்காராது. கூம்புமுனை இருப்பதால் இறங்கும்போது கூரை விரற்கடை தள்ளியிருந்தாலும் தானே வழுக்கி இடத்துக்கு வந்துவிடுகிறது.

மற்ற இணைப்புகளைப் பதினெட்டிலிருந்து பத்தாகக் குறைத்தோம். பக்கங்களிலும் பின்னாலும் எட்டு குமிழ் போல்ட், முன்னால் இரண்டு லாட்ச். குமிழ் போல்ட் போகும் ஒவ்வொரு ஓட்டையிலும் ஃபைபரின் கனத்துக்குச் சமமான எஃகுக் குழாய்த் துண்டைப் பதித்தோம். இறுக்கும் விசையைக் குழாய் வாங்கிக்கொள்ளும், ஃபைபர் நசுங்காது. குழாயின் உள்விட்டத்தை வேண்டுமென்றே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக விட்டோம். காரணம் வெப்பம். பாலியஸ்டர் ஃபைபர் சூட்டில் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இந்தக் கூரையின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோத்தகிரிக் குளிரில் மாட்டிய வண்டி மேட்டுப்பாளையம் வெயிலில் நிற்கும்போது கூரைக்கும் பாடிக்கும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வேறுபாடு வரும். அதற்கு இடம் விடாவிட்டால் அந்த மில்லிமீட்டர் விரிசலாக வெளியே வரும். பழைய பின்மூலை விரிசல்களில் இதற்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் கருத்து.

ரப்பர் பீடிங்கைப் பாடியில் ஒட்டாமல் கூரையின் அடிப்பக்கம் ஒட்டினோம். திறந்த வண்டியில் ஏறி இறங்குபவர்களின் காலும் மண்ணும் அதில் படாது. உள்ளே வெற்றிடம் உள்ள, வெயிலும் மழையும் தாங்கும் இபிடிஎம் ரப்பர், உயரம் 10 மி.மீ. அது 6 மி.மீட்டருக்குக் கீழே நசுங்காதபடி இடையிடையே நைலான் திண்டுகள். எவ்வளவு இறுக்கினாலும் திண்டோடு நின்றுவிடும். சிலிக்கான் ஒரு துளிகூட இல்லை. உள்விளக்கு வயருக்கு ஒரு பிளக், அவ்வளவுதான்.

தூக்கும் ஏற்பாடு

இதில்தான் நான் பிடிவாதமாக நின்றேன். வண்டி நிற்கும் ஷெட் தகரக் கூரை போட்டது. அதன் மெல்லிய குழாய்ச் சட்டங்கள் தகரத்தையும் காற்றையும் தாங்கச் செய்தவை, நடுவில் ஒரு கொக்கி போட்டு 58 கிலோவைத் தொங்கவிட அல்ல. எனவே ஷெட்டைத் தொடாமல், தரையில் கான்கிரீட் போட்டு நான்கு கால் நட்டு, மேலே விட்டம் வைத்துத் தனிச் சட்டம் கட்டினார் வெல்டர். மொத்தச் செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது. உரிமையாளர் தயங்கினார், மகள் தயங்கவில்லை.

தூக்கச் செயின் பிளாக். சங்கிலியை விட்டுவிட்டாலும் பாரம் நின்ற இடத்தில் நிற்கும், அதற்குள் தானாகப் பிடிக்கும் பிரேக் உண்டு. வெறும் பல்சக்கரமும் தடுப்பும் உள்ள மலிவான கை வின்ச்சைத் தவிர்த்ததற்கு அதுவே காரணம். கூரையில் வளையம் எதுவும் பதிக்கவில்லை. சில்வர் ஓக் கட்டைகள் இரண்டைக் கம்பளித் துணி சுற்றி, ஒன்றை முன்கதவுத் திறப்பு வழியாகவும் மற்றொன்றைத் தள்ளுக் கண்ணாடி வழியாகவும் கூரைக்கு அடியில் குறுக்கே செலுத்துகிறோம். நான்கு முனையிலும் பாலியஸ்டர் பெல்ட். பெல்ட்டுகள் நேரே ஒரே கொக்கிக்குப் போனால் கூரையின் பக்கங்களை உள்நோக்கி அமுக்கும் என்பதால், இடையில் ஒரு செவ்வகச் சட்டம் வைத்து அவை செங்குத்தாக இறங்கும்படி செய்தோம். பாரம் பின்னால் சாய்ந்திருப்பதால் கொக்கி மாட்டும் புள்ளியையும் நடுவிலிருந்து பின்னால் தள்ள வேண்டியிருந்தது.

மேலே போன கூரை அடுத்த மழைக்காலம் வரை அங்கேயே தொங்கும். அதைச் செயின் பிளாக்கின் பொறுப்பில் விடக் கூடாது. உயர்த்தியதும் நான்கு தனிப் பெல்ட்டுகளை விட்டத்தில் மாட்டி, பாரம் அவற்றில் இறங்கிய பிறகு சங்கிலியைத் தளர்த்திவிட வேண்டும். பெல்ட் மாட்டி முடியும்வரை யாரும் கூரைக்கு அடியில் நிற்பதில்லை. உயர்த்தும்போதும் இறக்கும்போதும் கையை விளிம்புக்கு இடையில் வைப்பதில்லை.

பின்பக்கம் எதிரெதிராக உள்ள இருக்கைகளில் சீட் பெல்ட் இல்லை. கூரை இல்லாத நாட்களில் அங்கே யாரும் உட்காரக் கூடாது, முன்னிருக்கையில் பெல்ட் போடாமல் வண்டி நகராது என்று மகள் எழுதி டாஷ்போர்டில் ஒட்டினார். ஃபைபர் கூரையும் வண்டி கவிழ்ந்தால் காப்பாற்றாது. ஆனால் அது ஆளை உள்ளே வைத்திருக்கும். திறந்த வண்டியில் அதுவும் இல்லை.

தொடர்ந்து நடந்தது

கழற்றுவதும் மாட்டுவதும் இருவர் கையில் அரை மணிக்குள் முடிந்தன. ஊசிகள் எதிர்பார்த்தபடி வேலை செய்தன. ஒரு ஓட்டையும் அடம்பிடிக்கவில்லை.

வடகிழக்கு மழை தொடங்கியதும் ஓட்டுநர் பக்க முன்மூலையில் ஒழுகியது. முன்பு ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பார்த்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. ரப்பரின்மேல் சாக்பீஸ் பொடி தடவிக் கூரையை இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தோம். சுற்றிலும் வெள்ளைத் தடம் தொடர்ச்சியாக விழுந்திருந்தது, அந்த மூலையில் மட்டும் ஒரு சாண் இடைவெளி. முன்கண்ணாடிச் சட்டம்தான் காரணம். கூரை இல்லாத மாதங்களில் கரடுமுரடான பாதையில் ஓடி, சட்டத்தின் ஒரு பக்கம் இம்மியளவு முன்னால் சாய்ந்திருந்தது. கூரை பின்னாலிருந்து கணக்காக உட்கார்ந்தது, ஆனால் அது சேர வேண்டிய சட்டம் அதன் இடத்தில் இல்லை.

சட்டத்தின் அடிப் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதைச் சரியான சாய்வில் நிறுத்தி, அதே நிலையில் டாஷ்போர்டு விளிம்பிலிருந்து சட்டத்தின் மேல்விளிம்புக்கு ஓர் அளவுகோல் கட்டை வெட்டி வைத்தோம். இருபக்கமும் கட்டை உட்காருகிறதா என்று பார்த்த பிறகே கூரையை இறக்க வேண்டும். அதன்பின் அந்த மூலை ஒழுகவில்லை.

பின்பக்கக் குமிழ்களில் இரண்டு தோட்டத்துப் பாதையில் தளர்ந்தன. அலைவடிவ ஸ்பிரிங் வாஷர் போட்டு, குமிழிலும் பாடியிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்தோம். கோடு விலகியிருந்தால் தளர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரியும். உரிமையாளர் டீசல் வண்டிக்காரர்கள் சக்கர நட்டைப் பார்ப்பதுபோல் காலையில் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறார்.

மழைக்காலம் முடிந்து கூரையை மறுபடி கழற்றியபோது நான் போயிருந்தேன். பார்க்க விரும்பியது பாடி விளிம்பை. பெயின்ட் அப்படியே இருந்தது, துரு இல்லை. ஒவ்வொரு ஆண்டும் அந்த விளிம்பு வெளிச்சத்துக்கு வந்து காய்கிறது, துடைக்க முடிகிறது. பழைய ஜிப்ஸிகள் பலவற்றை உருக்குலைப்பது துருதான் என்பதால், திறந்த வண்டியின் சுகத்தைவிட இதையே இந்த வேலையின் பெரிய பலனாக நான் மதிக்கிறேன். பின்மூலைகளில் புது விரிசலும் இல்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

இடம் நிறுத்தும் ஊசிகளைப் பின்மூலைகளில் வைக்காமல் முன்னால் வைப்பேன். மழை முகத்தில் அடிப்பது முன்பக்கம், ஆடக்கூடிய சட்டம் இருப்பதும் அங்கேதான். கூரை முன்னால் நிலையாக உட்கார்ந்து, வெப்பத்தில் விரிவதைப் பின்பக்கம் வாங்கிக்கொண்டால் அளவுகோல் கட்டைக்குத் தேவை குறையும். அதற்கு முன்கண்ணாடிச் சட்டத்தின் கீல்களில் புஷ் மாற்றி ஆட்டத்தை முதலிலேயே எடுத்துவிட வேண்டும்.

பின்கண்ணாடிக் கதவைக் கூரையோடு சேர்த்துத் தூக்குவதை விட்டு, கீல் ஊசியை உருவித் தனியே இறக்கும்படி செய்வேன். பாரமும் குறையும், கொக்கிப் புள்ளியும் நடுவுக்கு வரும், கண்ணாடி தலைக்குமேல் மாதக்கணக்கில் தொங்காது. கரும்பச்சைக் கூரைக்கு வெள்ளை அடித்தால் வெயிலில் சூடு குறைந்து விரிவும் குறையும். இதை உரிமையாளரிடம் சொன்னேன், நிறத்தை மட்டும் மாற்றச் சம்மதிக்கவில்லை. கீல் ஊசி வேலையை அடுத்த ஜனவரியில் கூரையைக் கழற்றும்போது செய்ய மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறார்.